பட்டறை பதில்கள்: இரும்புக்குக் குளிர் எதிரியில்லை

கேள்வி: வணக்கம் அண்ணே. என் தம்பி வேலைக்காக அமெரிக்காவின் மிச்சிகன் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். போன மாதம் 1968 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் கார்) ஒன்றை வாங்கி வீட்டு கராஜில் நிறுத்தியிருக்கிறான், 390 கன அங்குல வி8 இன்ஜினாம். விற்றவர் "கலிஃபோர்னியா கார், துரு கம்மி" என்றாராம். வீடியோ காலில் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினான், தரை தெரிகிறது, காரின் தரை இல்லை, கராஜின் தரை! வெளியே மைனஸ் பத்து டிகிரி. மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, இப்போதே எல்லாவற்றையும் பிரித்துச் சுரண்டி, ஏப்ரலில் பெயிண்ட் அடித்து ஓட்டப்போகிறேன் என்கிறான். நடக்கிற காரியமா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: ஏப்ரலில் ஓட்டுவது நடக்காது, அதை இப்போதே சொல்லிவிடுங்கள். மற்ற வேலை தாராளமாக நடக்கும், வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ஹீட்டர். புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரில் ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. காஸ் ஹீட்டரும் இதே கதைதான். கராஜ் காற்று சட்டென்று சூடாகிவிடும், ஆனால் ஒன்றரை டன் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, அதனால் அந்த ஆவி எல்லாம் சில்லென்று இருக்கிற தகரத்தில் போய் வேர்த்து நிற்கும். தம்பி காலையில் பளபளவென்று சுரண்டி வைத்த இடம் மறுநாள் மஞ்சள் பூத்திருக்கும், அவன் பெயிண்ட் சரியில்லை, பிரைமர் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவான். நமக்கு மழைக்காலக் குளிர்தான் தெரியும், அதனால் குளிர் என்றாலே ஈரம் என்று நினைக்கிறோம். அங்கே உறைகிற காற்றில் நீராவி ரொம்பக் கம்மி, ஹீட்டரே இல்லாத கராஜில் இரும்பு நிம்மதியாகத்தான் இருக்கும். கை விறைக்கிறது என்றால் மின்சார ஹீட்டர், இல்லையென்றால் புகையை வெளியே தள்ளும் குழாய் வைத்த ஹீட்டர் வாங்கட்டும். கதவை மூடிக்கொண்டு எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, அதற்கான அலாரம் ஒன்றைச் சுவரில் மாட்டாமல் உள்ளே நுழையவே கூடாது.

அடுத்தது உப்பு. அந்த ஊரில் பனி உருக சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். வாங்கிய காரை அந்தச் சாலையில் டிரெய்லரில் மூடாமல் இழுத்து வந்திருந்தால், அடிப்பக்க மடிப்புகளில் எல்லாம் உப்பு உட்கார்ந்திருக்கும், அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து துரு கிளம்பும். எதையும் பிரிப்பதற்கு முன்னால், குளிர் கொஞ்சம் விட்ட ஒரு நாளில், அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிக் காய வைக்கச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியா கார் என்ற பேச்சை அவனே சோதித்துப் பார்க்கலாம். 1968 மஸ்டாங்கில் தொழிற்சாலை பொறித்த அடையாள எண் (VIN) 8 என்று தொடங்கும், அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் மிச்சிகனின் டியர்பார்ன், ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, டி என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அதன்பின் 02 இருந்தால் ஃபாஸ்ட்பேக், ஐந்தாவது இடத்தில் எஸ் இருந்தால் 390 இன்ஜின். ஆனால் ஆர் என்று இருந்தாலும் பிறந்த ஊர்தான் தெரியும், வளர்ந்த ஊர் தெரியாது. கார்ப்பெட்டுக்குக் கீழே நீங்கள் பார்த்த ஓட்டை அதைச் சொல்லிவிட்டது.

அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதுத் தரை வைத்தால் அதுவும் அழுகும். 1968 மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே காற்று போகிற வரிசைத் துளைகள் இருக்கும், அதன் கீழே ஒரு பெட்டி. இலைதழை விழுந்து, மழைநீர் தேங்கி, அந்தப் பெட்டி உள்ளேயிருந்தே அரித்துப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு குடுவைத் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சொட்டினால் வேலை அங்கேதான் தொடங்குகிறது, ஸ்பாட் வெல்டுகளை (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய இடங்களை) ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும், அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. அப்புறம் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, பின் சக்கரத்துக்கு மேலேயும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் ஓட்டிப் பார்க்கட்டும், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, யாரோ அப்பிய பட்டிதான் இருக்கிறது. திருத்தமான அளவில் புதுத் தகடுகள் இந்தக் காருக்குச் சுலபமாகக் கிடைக்கும், அந்த வகையில் தம்பி கொடுத்துவைத்தவன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது, தரையும் பக்கவாட்டும்தான் எலும்பு. தரையை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு செய்து பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு வளைந்து, வேலை முடிந்த பிறகு கதவே மூடாது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், ஒரே கோடாக இழுத்து வெல்டு செய்தால் சூட்டில் நெளிந்துவிடும், இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டுத்தான் போக வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மஸ்டாங்கில் பெட்ரோல் டாங்கின் மேல்பாகமே டிக்கியின் தரை, அதைக் கழற்றி கராஜை விட்டே வெளியேற்ற வேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்துபோய் ஹீட்டர் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். இன்னொன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் பண்ணவே கூடாது. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு.

பெயிண்ட்? மே மாதம் வரை பொறுக்கட்டும். பட்டியும் எபாக்சி பிரைமரும் காய்வதற்கு இரும்பே 15 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நிம்மதி, பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். வெல்டு செய்த இடங்களுக்கு மட்டும் விளக்கு வைத்துச் சூடாக்கி பிரைமர் பூசிக்கொள்ளலாம். கடைசிப் பெயிண்ட் பூச்சை, ஸ்ப்ரே அடிக்கத் தனி அறை உள்ள பட்டறையில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம், இரண்டு டின் கலந்து அடிக்கிற பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் சாதாரண மாஸ்க்குக்கெல்லாம் அடங்காது, ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரமாகவே தேய்க்கட்டும்.

ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? வெறும் தண்ணீராக இருந்தால் இன்றிரவே இறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் உறைந்தால் 9 விழுக்காடு விரியும், இன்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை கவலையில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் 1980களின் மினி கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், அடியில் துரு. வார இறுதியில் நம் புளோக் பல மாடி கார் நிறுத்துமிடத்திலேயே சரிசெய்யலாம் என்கிறார். விடுவதா, வேண்டாமா? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: மினியை வாங்க விடுங்கள், கார் நிறுத்துமிடத்தில் வேலை செய்ய விடாதீர்கள் அம்மா. அங்கே கிரைண்டர் பிடித்தால் தீப்பொறி பக்கத்துக் கார் கண்ணாடியில் ஒட்டும், பெயிண்ட் புகை மாடிக்கு ஏறும், புகார் வந்து சேரும். காக்கி புக்கிட், உபி, சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் ஓர் ஓரத்தை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கட்டும்.

இங்கே பிரச்சினை ஈசூன்காரர் தம்பிக்கு நேர்மாறு. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், டிசம்பர் மழையில் கேட்கவே வேண்டாம். சுரண்டிய தகரத்தை ஓர் இரவுகூட வெறுமனே விடக்கூடாது, அன்றைக்கு எவ்வளவு பிரைமர் பூச முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்குச் சுரண்ட வேண்டும். மினியில் முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே இருக்கும் சில், அதன் வடிகால் துளைகள் அடைத்திருந்தால் உள்ளே குளம்தான். காரைத் தூக்கி, பின் சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

35 வயதைத் தாண்டிய காரைப் பழமைக் கார் திட்டத்தில் பதிய முடியும், ஆனால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும், நிற்கிற கார்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரையுள்ள இடம் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவையுங்கள்.

கேள்வி: கோக்கில் ஊறப்போட்டால் துரு போகுமா? (செங்காங் வாசகர்)

பதில்: அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் கொஞ்சம் போகும், சர்க்கரைப் பிசுக்கும் சேர்ந்து வரும். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் மலிவு, வேலையும் சுத்தம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காய வைத்து எண்ணெய் தடவுங்கள், தாமதித்தால் மறுபடி சிவக்கும். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்டையும் அமிலத்தில் போடாதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும், அவற்றைப் புதிதாக வாங்குவது நல்லது. கார்புரேட்டரையும் போடாதீர்கள், அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை, வினிகர் அதைத் தின்றுவிடும். பெரிய இரும்புத் துண்டு என்றால் வாஷிங் சோடா கரைத்த தொட்டியில் பேட்டரி சார்ஜரால் மின்சாரம் விடலாம்: துருப்பிடித்த பொருள் மைனஸில், பழைய இரும்புத் தகடு பிளஸில். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும். குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் சிகரெட் பற்றவைக்காமல் செய்யுங்கள்.