இடது கால் கொலுசு மட்டும் ஏன் இறுக்குகிறது?

இன்றைக்கே இடது காலுக்கு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் அம்மா. மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த எட்டு மாதத்தில் வந்தவை என்று ஒன்பது தொல்லைகளை எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலிடம் விரல் மரத்துப்போவதற்கு. "37 வயதிலேயே பக்கவாதம் வந்துவிடுமா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். ஏழாவதாக, போகிற போக்கில் ஒரு வரி: ஐந்து நாளாக இடது கெண்டைக்காலில் வலி, அந்தக் கால் கொலுசு மட்டும் இறுக்குகிறது, அத்தை தைலம் போட்டு நீவி விடுகிறார். எனக்குப் பயம் அந்த ஏழாவதில்தான்.

பக்கவாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சட்டென்று வரும். வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கம் கையோ காலோ விழும். மூன்று வாரமாக மீட்டிங் முடியும்போதெல்லாம் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாவது பக்கவாதம் இல்லை. கட்டில் சட்டத்தில் முழங்கையை ஊன்றி உட்காருகிறீர்கள், அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது. ஊன்றாதீர்கள். மரப்பு விடாமல் நின்றாலோ பிடி தளர்ந்தாலோ காட்டுங்கள். இணையத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்ட நரம்பு ஊசி வீண்செலவு.

இப்போது கால். கெண்டைக்கால் தசை ஒரு அடிபம்பு மாதிரி. நடக்கும்போது அது சுருங்கி, கீழே தங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். அலுவலகம் போன காலத்தில் பஸ் ஸ்டாப்புக்கும் கேன்டீனுக்கும் நடந்தீர்கள். இப்போது காலை பத்திலிருந்து இரவு பத்து வரை கட்டிலில் சம்மணம். மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். பம்பை அடிக்க ஆளில்லை. தேங்கிய ரத்தம், காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயான ஆழ்சிரையில் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி நழுவி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கணினி முன்னால் தினமும் 12 மணி நேரம், சில நாள் 18 மணி நேரம்கூட உட்கார்ந்திருந்த 32 வயதுக்காரருக்கு அப்படி ஆனதை நியூசிலாந்து மருத்துவர்கள் 2003இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அதோடு உங்கள் பின்குறிப்பு. கோயில் கொடைக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, நாள் தள்ளிப்போகும் மாத்திரையை 12 நாளாகப் போடுகிறீர்களாம்! அந்த மாத்திரையில் உள்ள நோரெதிஸ்டிரோன் என்ற மருந்தில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறும். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைத் தூண்டும். மருத்துவரிடம் கேட்டிருந்தால், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதை எழுதிக்கொடுக்கும் முன் யோசித்திருப்பார். இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும், வரட்டும். மாத்திரை அட்டையை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீவுவதையும் இந்த நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். அத்தை பாசத்தில் செய்கிறார், ஆனால் கட்டி இருந்தால் நீவுவதே அதைக் கிளப்பிவிடலாம். ஆஸ்பிரின், வலி மாத்திரை எதையும் நீங்களாகப் போட வேண்டாம். தையல் டேப் இருந்தால், முழங்காலுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் ஸ்கேனுக்குப் போகத்தான் வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் ஸ்கேன் சென்டரை மறந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

கட்டி இருந்தாலும் பதற வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தருவார்கள்; பெரும்பாலும் மாத்திரையே போதும்.

மற்றவை? கண் எரிவது, திரையைப் பார்க்கையில் இமைக்க மறப்பதால். அதற்கு நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கியது தண்டம். கழுத்து வலிக்கு, லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் மேசையில் வைத்து, தனி கீபோர்டு வாங்குங்கள். நாற்காலியில் உட்காருங்கள், போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுங்கள். முடி கொட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.

கிளம்பும்போது கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஜெல் தடவும் முன் எப்படியும் கழற்றச் சொல்வார்கள்.