அகராதிக்காரர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன கிழமை ‘தி புரஃபசர் அண்ட் தி மேட்மேன்’ படம் பார்த்தேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரேயாக மெல் கிப்சன் நடித்திருக்கிறார். கொலை செய்துவிட்டு மனநோய் விடுதியில் அடைபட்டிருந்து, அங்கிருந்தே அகராதிக்குச் சொற்கள் அனுப்பிய டாக்டர் மைனராக ஷான் பென். இரண்டு இடத்தில் அழுதுவிட்டேன். என் கணவர் பாதியிலேயே நித்திரை. ‘அகராதிக்கு ஒரு படமா’ என்று சிரிப்பு வேறு.

அந்த டாக்டர் உண்மையிலேயே அவ்வளவு செய்தவரா, அல்லது படத்துக்காகக் கூட்டிச் சொன்னதா? எங்கள் அகராதிகளுக்குப் பின்னால் இப்படிப் படமாக்கக்கூடிய கதை ஒன்றும் இல்லையா? நான் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பிறந்தவள். இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் தூங்கியதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அகராதியைப் பற்றிய படம் என்பதால் அல்ல, அகராதி வேலையைப் போதுமான அளவு காட்டாத படம் என்பதால். அழுகை, காதல், ரத்தம், நீதிமன்றம் எல்லாம் இருக்கிறது. ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து என்னதான் செய்தான் என்பது மட்டும் வேகமாக ஓடிவிடுகிறது.

மைனர் அவ்வளவு செய்தாரா என்றால், செய்தார். படம் காட்டுவதைவிட அதிகமாகவே செய்தார்.

அந்த அகராதியின் நோக்கம் சொல்லுக்குப் பொருள் எழுதுவதோடு முடிந்துவிடவில்லை. ஒரு சொல் ஆங்கிலத்தில் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது, அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அதன் பொருள் எப்படி மாறியது என்பதை மேற்கோள் வாக்கியங்களோடு நிறுவ வேண்டும். அதற்காகப் பொதுமக்களிடம் கேட்டார்கள்: படியுங்கள், சொல் அகப்பட்டால் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஒரு பழைய பயண நூலில் நம்முடைய ‘கட்டுமரம்’ வருகிறது என்று வையுங்கள். சீட்டின் மேல் மூலையில் அந்தச் சொல். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். அப்புறம் அந்தச் சொல் வருகிற முழு வாக்கியம். அவ்வளவுதான். இப்படி லட்சக்கணக்கில்.

மர்ரே பொறுப்பேற்றது 1879இல். பத்து வருடத்தில் நான்கு தொகுதிகள் என்று ஒப்பந்தம். அவருக்கு முன் இருந்தவர்கள் சேர்த்து வைத்திருந்த சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின, ஏறக்குறைய இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் ஒரு சுண்டெலி குடும்பமே குடியிருந்தது. ஐந்து வருடம் கழித்து, 1884இல், முதல் பகுதி வெளிவந்தபோது ‘ஏ’யில் தொடங்கி ‘ஆன்ட்’ வரைதான் வந்திருந்தார்கள். அதாவது எறும்பு வரை. மர்ரே 1915இல் ‘டி’ (T) எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். முழு அகராதியும் முடிந்தது 1928இல். 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்.

தன்னார்வலர்களால் வந்த சங்கடம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அபூர்வமான சொல்லின் மேல்தான் கண். ‘அப்யூஷன்’ என்று வழக்கொழிந்த ஒரு சொல்லுக்கு ஐம்பது சீட்டு வந்திருந்தது. எல்லோரும் தினமும் புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. மர்ரே இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். நாமும் இதே ஆள்தானே! சங்கச் சொல் கிடைத்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். ‘போடு’, ‘வை’, ‘விடு’ ஆகியவற்றுக்கு எத்தனை பொருள் என்று யார் எண்ணுகிறோம்?

மைனர் வேறுபட்டது இந்த இடத்தில். அவர் அகப்பட்ட சொல்லையெல்லாம் எழுதி அனுப்பவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்தால் தாளை மடித்துச் சிறு ஏடாக்கி, பொடி எழுத்தில் அந்தப் புத்தகத்துக்கென்று ஒரு சொல்லடைவு தயாரித்தார். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அகர வரிசையில். அடுத்த புத்தகத்துக்கு இன்னொரு ஏடு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் போட்டுக் கேட்பார்: இப்போது எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள்? பதில் வந்ததும் ஏடுகளைப் புரட்டி, அந்தச் சொல்லுக்கு மட்டும் மேற்கோள்களை எடுத்து அனுப்பிவிடுவார். ஆசிரியர் குழுவுக்கு இது கேட்டவுடன் கிடைக்கிற சரக்கு. மைனரின் மேற்கோள்களை மட்டும் வைத்தே கடைசி நான்கு நூற்றாண்டுகளை விளக்கிவிட முடியும் என்று மர்ரே எழுதினார். வெறும் உபசார வார்த்தை என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஏடுகளை நிதானமாகக் காட்டியிருந்தால் போதும், உங்கள் கணவர் விழித்திருந்திருப்பார். இரவெல்லாம் தன்னை யாரோ வந்து வதைப்பதாக நம்பி நடுங்கிய மனிதர், பகலில் அகர வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறார். இதைவிட நாடகம் என்ன வேண்டும்?

படம் கூட்டிச் சொன்னதும் உண்டு. 1872இல் லண்டன் லாம்பெத்தில், அதிகாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெர்ரட் என்ற மதுபான ஆலைத் தொழிலாளியை மைனர் மனப்பிரமையில் சுட்டுக் கொன்றார். மெர்ரட்டின் மனைவி எலைசா பிற்பாடு பிராட்மூர் மனநோய் விடுதிக்கு வந்து மைனரைப் பார்த்தது உண்மை. சில மாதங்கள் புத்தகங்கள் வாங்கிவந்து கொடுத்ததும் உண்மை. படத்தில் வருகிற காதலுக்கு மட்டும் ஆதாரம் இல்லை. கணவனைக் கொன்றவனுக்கு ஒரு விதவை புத்தகம் சுமந்து வருகிறாள் என்பதே போதாதா? அதற்கு மேல் ஏன் முத்தம்? அதேபோல, மர்ரே யாரோ பெரிய மருத்துவரைப் பார்க்கப் போய், அவர் ஒரு நோயாளி என்று அங்கேதான் தெரிந்து திகைத்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அது ஒரு பத்திரிகையாளரின் கைவண்ணம். மர்ரேக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் 1891 ஜனவரியில் பார்க்கப் போனார்.

எனக்கு இந்தச் சீட்டு விவகாரத்தில் சொந்தமாக ஒரு அடி உண்டு. கல்லூரி நாட்களில் எங்கள் ஆச்சி பேசுகிற சொற்களைத் தொகுக்கிறேன் என்று ஒரு செருப்புப் பெட்டியும் கொஞ்சம் அட்டைகளுமாகக் கிளம்பினேன். அறுபது எழுபது அட்டையோடு சரி. போன வருடம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ‘அவயம் – சத்தம்’ என்று ஒரு அட்டை. எந்தச் சத்தம்? பிள்ளை அழுகிற சத்தத்துக்கு மட்டும் சொன்னாளா, சண்டைக்கும் சொன்னாளா, இடிக்குச் சொல்வாளா? ஆச்சி சொன்ன வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். பொருளை எழுதிவிட்டுச் சொல்லைத் தொலைத்திருக்கிறேன். கேட்கவும் இப்போது ஆள் இல்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஆனைக்கோட்டை என்று எழுதியதைப் படித்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படம் லண்டனில் தொடங்குகிறது. மைனரின் கதை தொடங்குவது அங்கே இல்லை.

வில்லியம் செஸ்டர் மைனர் பிறந்தது இலங்கையில், 1834இல். அவருடைய தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர், அமெரிக்க மிஷனுக்காக வந்த அச்சுக்காரர். அச்சகம் இருந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்து மானிப்பாயில்! அந்த அச்சகத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1820இல் அமெரிக்கர்கள் ஒரு அச்சு இயந்திரத்தோடு ஆளையும் அனுப்பினார்கள். ஆளுநர் பார்ன்ஸ் அந்த ஆளைத் தங்க விடவில்லை. இயந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷனின் கைக்குப் போய்விட்டது. பதினான்கு வருடம் கழித்துத்தான் அமெரிக்கர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதை ஓட்ட வந்தவர்தான் மூத்த மைனர்.

1841இல் அங்கிருந்து ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அடுத்த வருடம் அதே அச்சகத்திலிருந்து வந்தது ‘யாழ்ப்பாண அகராதி’. மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். நைட் பாதிரியார் தொடங்கி, முடிக்காமல் இறந்துபோன வேலை அது. உடுவில் சந்திரசேகர பண்டிதரும் ஸ்போல்டிங் பாதிரியாரும் முடித்தார்கள். சுமார் 58,500 சொற்கள். நைட் சேர்த்து வைத்ததன் இன்னொரு பங்கு வின்ஸ்லோ பாதிரியாரிடம் போய், 1862இல் சென்னையில் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியாக வந்தது.

1842இல் வில்லியத்துக்கு எட்டு வயது. மூன்று வயதிலேயே தாயை இழந்த பையன். அப்பாவின் அச்சகத்தில் தமிழ் ஈய எழுத்துகளைக் கோத்து ஒரு அகராதி உருவாகிக்கொண்டிருந்தபோது அவன் என்ன பார்த்தான், எந்தப் பண்டிதரின் மடியில் உட்கார்ந்தான் என்று என்னால் சொல்ல முடியாது. கற்பனை செய்யாமலும் இருக்க முடியவில்லை. பதினான்கு வயதில் அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு, அமெரிக்க உள்நாட்டுப் போர், நோய், லண்டன், துப்பாக்கி. மற்றதைத்தான் நீங்கள் திரையில் பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே, படமாக்கக்கூடிய கதை ஒன்றும் இல்லையா என்று கேட்டீர்களே, பாதிக் கதையைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். முதல் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் எனக்குப் பார்க்க ஆசை மைனரைக்கூட அல்ல, சந்திரசேகர பண்டிதரைத்தான்.

ஆனைக்கோட்டையிலிருந்து மானிப்பாய் எவ்வளவு தூரம்? சின்ன வயதில் சைக்கிளிலேயே போய் வந்திருப்பீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போனால், அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.