பழைய சீன வாள்கள்: கேள்வி பதில்

சிங்கப்பூர் வாசகர்: தாத்தா விட்டுப்போன வாள், சீனாவின் சிங் அரசமரபுக் காலத்தது, ஒருபுறம் மட்டும் கூர். துருவை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

வேண்டாங்க. அந்தக் காலத்து நல்ல வாள்கள் பலவற்றில் நடுவே கெட்டியான உருக்கு, இரு பக்கமும் மென்மையான இரும்பு. கூர் ஓரமாக வாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் சேரும் கோடு அலையலையாகத் தெரியலாம். கொல்லரின் கைவேலை அதில்தான் இருக்கிறது. உப்புத்தாள் அந்தக் கோட்டை மழுக்கி, அலகின் முகட்டையும் உருட்டிவிடும். கருத்துப்போய் உதிராமல் இருக்கும் பழைய துருவைத் தொடாதீர்கள். பொடியாக உதிரும் செந்துருவை மட்டும் தையல் மெஷின் எண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். துடைத்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். அலகை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு துருவைக் கூட்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. நாளாக ஆகச் சிக்குப் பிடித்து அழுக்கைச் சேர்க்கும்.

வாள் பிடிக்கு மேலுள்ள பித்தளைக் கைக்காப்பைப் புளி போட்டு விளக்கினால்?

தங்கமுலாம் மிச்சம் இருந்தால் அதுவும் போய்விடும். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் மூன்றும் பழைய வாளுக்கு ஆகாது.

முனைப் பக்கம் அகன்ற வாள். மிங் ராணுவ வாள் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?

மிங் வாள் என்று சொல்லும் விலைக்கு வேண்டாம். அதற்கு ‘நியுவெய்தாவ்’, மாட்டுவால் வாள் என்று பெயர். சிங் மரபுக்கு முந்தைய மிங் ஆட்சி 1644-லேயே முடிந்தது. இந்த வடிவம் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். ஊர்க்காவலரும், நம் சிலம்பம் போல அங்குள்ள தற்காப்புக் கலை பயின்றவரும் வைத்திருந்தது.

வேறொருவர்: தவறு. சீனாவில் அன்னியரை எதிர்த்து நடந்த 1900 பாக்ஸர் கிளர்ச்சிப் படங்களில் இதே வாள் இருக்கிறதே! போர் வாள்தானே?

பாக்ஸர்கள் பெரும்பாலும் கிராமத்து மக்கள், அரசுப் படையினர் இல்லை. உங்கள் சான்று என் பக்கம்தான் நிற்கிறது.

அதே நபர்: சண்டையில் பயன்பட்டால் போர் வாள்தான்.

சண்டையில் பயன்பட்டதை நான் மறுக்கவில்லை. அரசு அளவுப்படி படைக்குச் செய்ததா என்பதே கேள்வி. சிங் மரபின் சியான்லோங் பேரரசர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், அரசு தொகுத்த படநூலில் படை வாள்கள் வரைந்திருக்கின்றன. மாட்டுவால் வாள் அதில் இல்லை. வடிவம் அழகுதான், அந்த அழகுக்குரிய விலையில் வாங்குங்கள். ‘மிங்’ என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

துருவுக்கு அமிலம் ஊற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். அமிலமும் ஆகாது.

வெண்கல வாளில் வெளிர்பச்சைப் பொடி?

அது குளோரைடு அரிப்பு, உப்புச் சத்து வெண்கலத்தை அரிப்பது. ஈரம் குறைந்த இடத்தில் தனியாக வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

உறையிலேயே போட்டு வைக்கலாமா?

ஈரமான ஊரில் வேண்டாம், உறையின் மரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறை தனி, வாள் தனி. பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை.