புது கர்னல் கம்பைல் செய்தபின் சவுண்டு கார்டு ஏன் காணாமல் போகிறது?

கர்னல் என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் லினக்ஸின் மையப்பகுதி. ஒவ்வொரு சாதனத்துக்கும் அதை இயக்கும் ஒரு டிரைவர் நிரல் அதில் வேண்டும். உபுண்டு, டெபியன் தரும் கர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் மாட்யூல்களாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளாக, வந்துவிடும். நாமே கம்பைல் செய்தால், அதாவது மூல நிரலிலிருந்து கர்னலை உருவாக்கினால், தேர்ந்தெடுத்தவை மட்டும்தான் இருக்கும்.

வேளச்சேரி அபார்ட்மென்ட் ஒன்றில் புது வாட்ச்மேனின் நோட்டில் உங்கள் பெயர் விட்டுப்போனது போலத்தான் இது. நீங்கள் வீட்டிலேயே இருந்தாலும் கூரியர் திரும்பிப் போய்விடும்.

முதலில் பழைய கர்னலில் பூட் செய்து, 'எல்எஸ்மாட்' (lsmod) கட்டளையில் வரும் ஒலி மாட்யூல்களைக் குறித்துக்கொண்டு, புது கர்னலிலும் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் மிக நம்பகமான வழி. பல கணினிகளில் இன்டெல் எச்டி ஆடியோ டிரைவரும், அதோடு ஒலிச் சிப்புக்கான ரியல்டெக் கோடெக் டிரைவரும் தேவைப்படும். கோடெக்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், 'மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால்' (make modules_install) படியை விட்டுவிட்டால் கம்பைல் ஆன டிரைவரும் உரிய இடத்துக்குப் போகாது. புதிய லேப்டாப்கள் சிலவற்றுக்கு ஒலிக்கான ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) கோப்பும் தனியாக வேண்டும்.

கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். பழைய கர்னலில் சத்தம் வந்தால் கார்டு நன்றாகவே இருக்கிறது.