மெஷின் வந்தாச்சு, என் வேலை என்ன ஆகும்? வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ரோபோ, ஏஐ பயம்தான். இடத்துக்குத் தக்கபடி சிலவற்றுக்குப் பதில்.

*மகன் எஸ்பிஎம் எழுதிவிட்டான். ஏஐ காலத்தில் எது படித்தால் வேலை போகாது? (புக்கிட் மெர்தாஜாம்)*

பையனுக்குக் கணக்கு வருமா, ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆசையா, ஒன்றுமே எழுதவில்லை. பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் கேட்கிறீர்கள். கைவேலை பிடிக்கும் என்றால் மெகட்ரானிக்ஸ், அதாவது இயந்திரமும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த படிப்பு. ரோபோ நின்றுபோனால் நள்ளிரவில் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். பாயான் லெப்பாஸில் 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

*இரண்டு நாள் ஏஐ வகுப்பு, 1,800 ரிங்கிட், சான்றிதழ் உண்டு. சேரலாமா? (செந்தூல்)*

வேண்டாம். உங்கள் கம்பெனியில் மலேசிய ஊழியர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் 1 விழுக்காடு ஹெச்ஆர்டி லெவி, அதாவது ஊழியர் பயிற்சிக்கான கட்டணம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

*19 வருடமாக போர்டு இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறேன். கேமராவால் போர்டைச் சோதிக்கும் ஏஓஐ மெஷின் இரண்டு இறக்கிவிட்டார்கள். எச்ஆரில் ஒரு கடிதம் தந்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். (வாசகி, பிறை)*

அம்மா, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதத்தின் தலைப்பை மட்டும் எழுதவில்லை! உங்கள் 19 வருடமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்' என்று இருந்தால் அது ராஜினாமா. பேனாவைத் தொடாதீர்கள். தானாக விலகியவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடும் கிடையாது, சொக்சோவின் வேலை காப்புறுதியும் கிடையாது. ஆள்குறைப்பு என்று இருந்தால் கதையே வேறு. மாதச் சம்பளம் 4,000க்குள், ஐந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்கள் 2,400 ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 30 ஆயிரம் வரும். எட்டு வார நோட்டீஸ் தனி. காப்புறுதியில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் 40, 30 என்று இறங்கும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விஎஸ்எஸ், அதாவது கம்பெனி பணம் தந்து விருப்ப விலகல் கேட்பது என்றாலும் காப்புறுதி உண்டு, ஆனால் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், நான் மெயின்டெனன்ஸில் இருந்த ஓர் ஆலையில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்து வயர் பாண்டிங் (சிப்பில் மெல்லிய கம்பி இணைப்பது) செய்துகொண்டிருந்த பெண்களைக் கேன்டீனில் உட்காரவைத்துத் தாள் நீட்டினார்கள். ஆட்டோ பாண்டர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பேனா இருக்கா அண்ணே?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். அது என்ன தாள் என்று எனக்கும் தெரியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: கடிதத்தைப் போனில் படம் எடுங்கள். "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். ஆட்குறைப்புக்கு முப்பது நாள் முன்பே கம்பெனி அதைத் தெரிவிக்கும் பிகே ஃபாரத்தை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, ஏஓஐ கேமரா நல்ல போர்டையும் ரிஜெக்ட் என்று தள்ளும். சாலிடர் கொஞ்சம் பளபளத்தால் போதும், சந்தேகப்படும். அது தள்ளியதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும். அந்த நாற்காலியை உங்களுக்குக் கேளுங்கள். எழுத்தில்.

*அக்கவுன்ட்ஸ் கிளார்க் வேலை இருக்குமா? (கோலாலம்பூர்)*

பில்லைத் தட்டச்சு செய்வது போய்விடும். அதற்கு ஏஐகூட வேண்டாம், 2024 ஆகஸ்டில் பெரிய கம்பெனிகளிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸே போதும். பில்லும் டெலிவரி ஆர்டரும் ஒத்துவராதபோது சப்ளையரிடம் போனில் மல்லுக்கட்டுவது யார்? நீங்கள்தான் என்றால் பயமில்லை.

*கூண்டு இல்லாமல் பக்கத்திலேயே கோபாட் (ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ) வைத்திருக்கிறார்கள். ஆபத்தா? (பாயான் லெப்பாஸ்)*

மேலே பட்டால் நின்றுவிடும், வாஸ்தவம். அதன் பிடியில் பிளேடு இருந்தால்? நிற்பதற்குள் கிழித்துவிடும். கோபாட்டை மட்டும் பார்க்காதீர்கள், அது எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து மதிப்பீடு செய்தார்களா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

*செம்பனைக் குலை வெட்ட ரோபோ வருமா? (நிபோங் திபால்)*

சீக்கிரம் வராது. மரம் பத்து மீட்டர், குலை இருபது கிலோ, கீழே சேறு. மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டது, அதோடு சரி.

*பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடைகளில் ரோபோ பரிமாறுமா?*

தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை வரை வரும். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று நீங்கள் உள்ளங்கையைக் குவித்து நீட்டினால், வழியை விடச் சொல்லும்.