இறங்குகிறவரோடு யார் இறங்குவது?

அன்புள்ள சார்,

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் ஒன்பது பேர் வரும் அக்டோபரில் நேபாளம் போய், அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தோரோங் லா கணவாயைக் கடக்கலாம் என்று இருக்கிறோம். விடுப்பு பத்து நாள்தான். அதனால் மனாங் வரை ஜீப்பில் போய், அங்கிருந்து நடக்க யோசனை. என்ன ஷூ வாங்குவது? உயரத்தில் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போடலாமா? வெள்ளியங்கிரி ஏறிப் பழகினால் போதுமா? இன்னொரு சிக்கல். குழுவில் ஒரு சீனியர், 48 வயது, ரொம்ப மெதுவாக நடப்பார். முக்திநாத்துக்கு நடந்தே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவரால் எல்லோருக்கும் தாமதமாகும். அவரை மட்டும் முக்திநாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோம்சோம் வரை விமானத்தில் வரச் சொல்லலாமா? மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஷூவை இப்போதே வாங்கி, போட்டு நடந்து பழகுங்கள். கணுக்காலை மூட வேண்டும், விரல் முனையில் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான். டயமாக்ஸை மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெள்ளியங்கிரி நல்ல பயிற்சிதான், முக்கியமாக இறக்கம். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டர் இறங்க வேண்டும், முட்டிக்குத்தான் சோதனை. ஆனால் உயரத்துக்கு நம் ஊரில் பயிற்சி கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். தோரோங் லா 5,416. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

ஜீப் யோசனையை இன்றே கைவிடுங்கள். ஜீப் கிளம்பும் பேசிசஹர் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறது, மனாங் 3,540. ஒன்றிரண்டு நாளில் ஜீப்பில் ஏறிப் போய் இறங்கினால் உடம்பு எப்படிப் பழகும்? 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். விடுப்பு பத்து நாள்தான் என்றால் அடுத்த வருடம் போங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

இனி அந்த சீனியர் விஷயம். படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. போன மாதம்தான் பழைய நண்பர் ஒருவர் போனில் பேசினார். அவரோடு தோரோங் லா போன நாட்களைப் பற்றித்தான் பேச்சு. அது மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் குழுவிலேயே உடல் வலு அதிகம் அந்த நண்பருக்குத்தான். மாரத்தான் ஓடுகிறவர். தினமும் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே லாட்ஜுக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருப்பார். கணவாய்க்கு முந்தைய இரவு ஹை கேம்பில் எல்லோருக்கும் தால் பாத் வந்தது. அவர் பருப்பையும் சோற்றையும் பிசைந்து பிசைந்து தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் உள்ளே போகவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றார். எங்கள் வழிகாட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, சாப்பாட்டு அறையின் தரைப்பலகை ஒன்றைக் காட்டி, குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடந்து காட்டுங்கள் என்றார். நண்பர் நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. வழியில் முன்பே கடந்த யாக் கர்காவிலிருந்தே தலைவலி என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். ஏன் சொல்லவில்லை? ‘என்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடுமே.’

உடனே இறக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். மாத்திரை போட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர். ஒரு போர்ட்டரோடு அனுப்பிவிட்டு நாம் கணவாயைக் கடக்கலாம், திரும்பும் டிக்கெட் இருக்கிறதே என்றார் மூன்றாமவர். நண்பர் மேசையில் தலை சாய்த்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சின் நடுவே ஒரு அம்மா எழுந்து போய் ஷூ கட்டிக்கொண்டு வந்தார். தினமும் எங்களில் கடைசியாக வந்து சேர்கிறவர். ‘நான் மெதுவாகத்தான் நடப்பேன், அவருக்கும் இப்போ அதுதான் சரி’ என்றார். நானும் ஹெட்லாம்ப்பை எடுத்துக்கொண்டேன். வழிகாட்டியின் உதவியாளரோடு அந்த இருட்டில் தோரோங் பேடிக்கு இறங்கினோம். மறுநாள் மனாங். அங்கே ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ உதவி மையம் இருக்கிறது. நண்பர் பிழைத்தார். இன்றும் தீபாவளிக்கு முதல் போன் அந்த அம்மாவுக்குத்தான்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் குழுவில் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவார், தலைவலித்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். மெதுவாக நடக்கிறவருக்கு உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நேபாளத்தில் நடைப்பயணிகளின் மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் எப்போதோ கவனித்த விஷயம் இது: உயர நோயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களோடு போனவர்கள். தனியாகப் போகிறவன் தலைவலித்தால் உட்கார்ந்துவிடுவான். குழுவில் இருப்பவனுக்கு வெட்கம், தேதி, டிக்கெட், மற்றவர்களின் முகம்.

நீங்கள் போகும் அதே அக்டோபரில், 2014-ல், விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் இரண்டே நாளில் அங்கே பனிப்புயலாக இறங்கியது. அந்தப் பகுதியில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உபரி நாள் கையில் இல்லாத குழு அப்படி ஒரு காலையில் என்ன முடிவெடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த சீனியரிடம் எதையும் நாசூக்காகச் சொல்ல வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று வைணவர்கள் வணங்கும் தலத்துக்கு நடந்து போக ஆசைப்படுகிற மனிதரிடம் ஜோம்சோமுக்கு விமானம் ஏறுங்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? அவரை வழிகாட்டிக்கு அடுத்தபடி நடக்கவிடுங்கள். ஒருவரும் அவரைத் தாண்டக் கூடாது. அவருடைய வேகம்தான் குழுவின் வேகம்.

ஷூ வாங்குவதற்கு முன்பே ஒன்பது பேரும் உட்கார்ந்து பேசுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் அவரோடு இறங்கப்போவது யார்? ஒவ்வொருவருக்கும் ஒரு துணை, பெயர் எழுதி முடிவாக வேண்டும். ஒன்பது பேர் என்பதால் ஒரு கூட்டில் மூவர் இருக்கட்டும். தலை வலிக்கிறதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று துணையைத் தினமும் கேட்க வேண்டும், தட்டையும் பார்க்க வேண்டும். இறங்குகிறவர்களுக்கு ஆகும் ஜீப், லாட்ஜ், டிக்கெட் செலவு ஒன்பது பேருக்கும் பொது. இதற்கு ஒருவர் முகம் சுளித்தாலும் அந்தக் குழுவோடு போகாதீர்கள்.

அந்தப் பெயர்களை எழுதி முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எத்தனை நாள், எங்கெங்கே தங்குவது என்பதை அப்போது பேசுவோம்.