சிறுநீர்ப்பையில் போடாக்ஸ் ஊசி: தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சிறுநீரை அடக்க முடியாத தொல்லைக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களும் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்வது, சிறுநீரகவியல் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்.

சிஸ்டர், ஊசி போட்டு பத்து நாளில் எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். ஊசியில் ஏதும் கோளாறா?

பெரும்பாலும் இல்லைங்க. மருந்து சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துவதால்தான் அவசரம் குறைகிறது. அதே தளர்ச்சியால் சிலருக்குப் பை முழுசாகக் காலியாவதில்லை. மிச்சம் நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகிவிடும். 100 யூனிட் போட்ட ஆய்வுகளில் முதல் 12 வாரத்துக்குள் 18 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 6 சதவீதம். போடாக்ஸ் போட்டவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு அது 31 சதவீதம் வரை போனது.

மிச்சம் நிற்பது எனக்கு எப்படித் தெரியும்?

பல பேருக்குத் தெரியாது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்த கையோடு எடுக்க வேண்டும். அரை மணி காத்திருந்தால் பை மறுபடி நிறைந்து கணக்கு தப்பிவிடும். 200 மில்லிக்கு மேல் நின்று, சிரமமும் இருந்தால் கொஞ்ச நாளைக்கு நீங்களே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு வடிக்கச் சொல்வார்கள். பயப்படாதீர்கள், மருந்தின் வேகம் குறையக் குறைய அதுவும் நின்றுவிடும். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், சொன்ன நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: கழித்து முடித்ததும் எழுந்து ஒரு நிமிடம் நடந்துவிட்டு, திரும்ப உட்கார்ந்து லேசாக முன்னால் சாய்ந்து இன்னொரு முறை முயலுங்கள். முக்க வேண்டாம்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை ஊசிக்கு முன்னாடியே போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஊசிக்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் மூன்று நாள், ஊசி அன்றும் மாத்திரை தருவது வழக்கம்தான். ஆனால் எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அமிகாசின், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் போடாக்ஸின் தளர்ச்சியைக் கூட்டிவிடலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போடாக்ஸ் போட்டதை முதலில் சொல்லுங்கள். ஊசி நாளன்று எரிச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். தொற்றோடு ஊசி போடக் கூடாது.

அம்மா அவசரத்துக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை.

அது தப்பு. நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கட்டும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி. மாதவிடாய் நின்றவர் என்றால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றியும் கேளுங்கள். அடிக்கடி வரும் தொற்றைக் குறைக்கும்.

எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) கிருமி என்று வந்திருக்கிறது.

தொந்தரவு எதுவும் இல்லாதபோது பொதுவாக மருந்து தேவையில்லை. வீணாகச் சாப்பிட்டால் அடுத்த தடவை அந்த மருந்து கேட்காமல் போகலாம். எரிச்சலோ கலங்கலோ தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரே போக முடியாமல் அடிவயிறு உப்புவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.